கிசான் பணம் ஏன் கையில் நிற்பதில்லை?

கேள்வி: திருவண்ணாமலை மாவட்டத்தில் எங்களுக்கு ஒன்றேகால் ஏக்கர் புஞ்சை நிலம் இருக்கிறது. ஆடிப் பட்டத்தில் மல்லாட்டை (நிலக்கடலை) போடுகிறோம். கணவருக்குக் கிசான் பணம் வருடத்துக்கு 6,000 ரூபாயும், எனக்கு மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாயும் வருகின்றன. ஊரில் ஒருவரிடம் அஞ்சு வட்டிக்கு 10,000 ரூபாய் வாங்கியிருக்கிறோம். வருகிற பணம் வந்த சுவடு தெரியாமல் போய்விடுகிறது. இந்தத் தொகையால் குடும்பத்தில் ஏதாவது மாறுமா? எதற்குச் செலவழிக்க வேண்டும்? கணவருக்குக் கடைசி இரண்டு தவணைகள் வராததற்கு என்ன காரணம்?

பதில்: பணம் எங்கே போகிறது என்பதற்கான விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. அஞ்சு வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் ஐந்து ரூபாய். பத்தாயிரத்துக்கு மாதம் 500, வருடத்துக்கு 6,000. அதாவது, மத்திய அரசு உங்கள் குடும்பத்துக்கு ஓராண்டு முழுவதும் தரும் பிரதமரின் கிசான் தொகை, ஒரு பைசா கூடாமல் குறையாமல், அந்த வட்டிக்காரரின் கைக்குப் போகிறது. அசல் அப்படியே நிற்கிறது. எனவே விதை, உரம், பள்ளிக் கட்டணம் ஆகியவற்றுக்கெல்லாம் முன்பாக அடைக்க வேண்டியது இந்த ஓட்டையைத்தான்.

இப்போது நீங்கள் கட்டிவரும் மாதம் 500 ரூபாயை நிறுத்தாமல், கிசான் தவணை 2,000 ரூபாய் வரும்போதெல்லாம் அதை முழுவதுமாக அசலில் கழித்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் தவணையில் அசல் 8,000 ஆகும். அதற்கு வட்டி 400 என்பதால், கட்டும் 500-இல் 100 ரூபாய் அசலுக்குப் போகும். நான்கு மாதத்துக்கு ஒரு தவணை வீதம் இப்படியே போனால், ஓராண்டின் முடிவில் கடன் ஏறத்தாழ 1,000 ரூபாயாகச் சுருங்கி, நான்காவது தவணை வந்த அன்று தீர்ந்து கையில் மீதியும் நிற்கும். வெறும் வட்டி மட்டும் கட்டியிருந்தால், அதே ஓராண்டில் 6,000 ரூபாய் கொடுத்த பிறகும் 10,000 ரூபாய் பாக்கி இருந்திருக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கிராமத்து வட்டிக்காரர்கள் பலர், அசலைத் துண்டு துண்டாக வாங்க மாட்டார்கள். “மொத்தமாகக் கொண்டு வா” என்பார்கள், ஏனெனில் அவர்களுக்கு வேண்டியது வட்டிதான். அப்படிச் சொன்னால், உங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில், குழுச் சேமிப்பிலிருந்து உறுப்பினருக்குத் தரும் உள்கடனைக் குறைந்த வட்டிக்கு எடுத்து, இந்தக் கடனை ஒரே தடவையில் முடித்துவிட்டு, குழுவுக்குத் தவணை கட்டுங்கள். ஆடிச் சாகுபடிச் செலவுக்குத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க் கடன் கேளுங்கள். தமிழ்நாட்டில் அந்தக் கடனை உரிய காலத்துக்குள் திருப்பிக் கட்டினால் வட்டி கிடையாது. பயிருக்குச் சங்கத்துக் கடன், பழைய கடனுக்குக் கிசான் பணம் என்று பிரித்துக்கொண்டால் ஒன்று மற்றதைத் தின்னாது.

சிறிய தொகை எதையாவது மாற்றுமா என்று கேட்டிருக்கிறீர்கள். 2011-இல் மத்தியப் பிரதேசத்தில் சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான சேவா நடத்திய முயற்சியில், சில கிராமங்களில் பெரியவர்களுக்கு மாதம் 200 ரூபாயும் குழந்தைகளுக்கு 100 ரூபாயும் கொடுத்து, பிறகு அதை 300, 150 என்று உயர்த்தினார்கள். பணம் வந்தால் மக்கள் வேலைக்குப் போக மாட்டார்கள் என்று சொன்னவர்களுக்கு அங்கே ஏமாற்றம்தான். கூலி வேலையைக் குறைத்துக்கொண்டு சொந்த நிலத்தில் கூடுதலாக உழைத்தவர்களைத்தான் அங்கே காண முடிந்தது. கென்யாவில் நடந்த ஆய்வு ஒன்று உங்களுக்கு இன்னும் பொருத்தமானது. அங்கே மாதாமாதம் பணம் வாங்கிய குடும்பங்களில் சாப்பாடு மேம்பட்டது. மொத்தமாக வாங்கிய குடும்பங்களில் தகரக் கூரை போன்ற நிலைத்த பொருள்கள் சேர்ந்தன. சாராயத்துக்கும் புகையிலைக்கும் செலவு கூடவில்லை.

உங்கள் வீட்டில் இந்த இரண்டு வகைப் பணமும் வருகின்றன. மாதம் 1,000 ரூபாய் அரிசி, பருப்பு, மருந்துக்குப் போவதை வீண் என்று நினைக்க வேண்டாம். அது அப்படிப் போகத்தான் வேண்டும். மளிகைக் கடையில் கடன் எழுதாமல் வாங்கும் ஒரு மாதம் என்பது சிறிய விஷயமல்ல. மேலும், 2023 செப்டம்பரில் தொடங்கிய உரிமைத் தொகை குடும்பத் தலைவியின் கணக்கில் சேர்கிறது என்பதால், எதற்குச் செலவழிப்பது என்ற பேச்சில் உங்களுக்கு ஒரு குரல் இருக்கிறது. அதைக் கணவரின் கணக்கோடு கலக்காதீர்கள்.

கடன் தீர்ந்த பிறகு வயலுக்கு வரலாம். கிசான் பணத்தின் பெரிய குறை, அது வரும் நாள். திட்டத்தில் நான்கு மாதத்துக்கு ஒன்று என்று இருந்தாலும், 2024-இல் கோடைத் தவணை ஜூன் 18-இல் வந்தது. 2025-இல் அதே தவணை ஆகஸ்ட் 2-இல்தான் வந்தது. ஆடி விதைப்பை நினைத்துக் கொண்டிருந்தவர்களுக்கு அந்த ஆண்டு அது விதைப் பணமாக உதவவில்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளிலும் ஒரு தவணை பிப்ரவரி கடைசியில் வந்திருக்கிறது. ஆகவே, அடுத்த ஆண்டு முதல் பிப்ரவரித் தவணையைத் தொடாமல் குழுச் சேமிப்பிலோ அஞ்சலகத்திலோ போட்டு வைத்து, விதைப் பருப்புக்கு அதையே எடுங்கள். விதையை வியாபாரியிடம் கடனாக வாங்கினால், அறுவடையில் காயை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கே, ஈரம் காயும் முன்பே போட வேண்டியிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்தக் கட்டு இல்லாதவர் நான்கைந்து நாள் நன்றாகக் காயவைத்து, ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குக் கொண்டுபோக முடியும். நேரடிப் பணம் வேளாண் குடும்பத்தில் செய்யும் மிகப் பெரிய மாற்றம் இந்தச் சில நாள் பொறுமைதான் என்பது என் கருத்து.

அடுத்தது ஜிப்சம். நிலக்கடலைக்கு எக்டேருக்கு 400 கிலோ, அதாவது ஏக்கருக்குச் சுமார் 160 கிலோ என்பது பரிந்துரை. பாதியை அடியுரமாகவும், மீதியை விதைத்த 40 முதல் 45 நாளில் மண் அணைக்கும்போதும் இட வேண்டும். விழுது மண்ணில் இறங்கிக் காய் பிடிக்கும் நேரத்தில் சுண்ணாம்புச் சத்தும் கந்தகமும் கிடைத்தால்தான் பருப்பு திரட்சியாக வரும். இல்லையென்றால் பொக்குக் காய் மிகும். விலை குறைந்த பொருள்தான். ஆனால் அந்த நாற்பத்தைந்தாவது நாளில் கையில் காசு இருக்காது என்பதால்தான் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். இதற்குக் கிசான் தவணையை நம்பாதீர்கள். மாதந்தோறும் 15-ஆம் தேதி வாக்கில் வந்துவிடும் உரிமைத் தொகையிலிருந்து, வட்டி கட்டிவந்த அந்த 500 ரூபாயை ஆகஸ்ட், செப்டம்பரில் இதற்கு ஒதுக்குங்கள்.

இந்தப் பணத்தால் ஆகாதவையும் உண்டு. ஆழ்துளைக் கிணறு போட முடியாது. மழை பொய்த்த ஆண்டின் இழப்பை ஈடுகட்டாது. அதற்குப் பயிர்க் காப்பீடு தனியாக வேண்டும். 2019-இல் அறிவித்த 6,000 ரூபாய் அதன் பிறகு உயரவே இல்லை, கூலியும் இடுபொருளும் உயர்ந்துவிட்டன. குத்தகைக்கு உழுகிறவருக்கு, பட்டா இல்லை என்ற காரணத்தால், ஒரு ரூபாய்கூடக் கிடையாது. இது திட்டத்தின் அநியாயமான பகுதி.

நின்றுபோன தவணைகளைப் பொறுத்தவரை, பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். முதலில் இ-கே.ஒய்.சி., அதாவது ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பு, முடிந்திருக்கிறதா என்று பொது சேவை மையத்தில் பாருங்கள். அடுத்து, பணம் இப்போது ஆதார் இணைந்த கணக்குக்குத்தான் போகிறது. உங்கள் கணவர் வேறு வங்கியில் புதிதாகக் கணக்குத் தொடங்கி அங்கே ஆதார் கொடுத்திருந்தால், தவணை அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கலாம். நான் பார்த்த ஒரு குடும்பத்தில் மூன்று தவணைகள், யாரும் திறந்தே பார்க்காத பாஸ்புக் ஒன்றில் பத்திரமாக இருந்தன. மூன்றாவது, நில விவரம் இணைக்கப்படாமல் இருப்பது. 2025-இல் தொடங்கிய விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண் பதிவைச் செய்தாரா என்று கேளுங்கள். செய்யவில்லை என்றால் பட்டா, ஆதார், ஆதாரோடு இணைந்த கைபேசி ஆகியவற்றுடன் வட்டார வேளாண்மை அலுவலகத்தை அணுகுங்கள். பட்டா இன்னும் காலமான பெரியவர் பெயரில் இருந்தால், வாரிசுச் சான்றுடன் பெயர் மாற்றிப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்; 1.2.2019-க்குப் பின் வந்த நிலம் சேராது என்ற விதி, இறப்பால் வாரிசுக்கு வந்த நிலத்துக்குப் பொருந்தாது. சந்தேகத்துக்கு 155261 என்ற உதவி எண்ணை அழைக்கலாம். கிசான் பணம் நின்றுவிட்டது என்று சொல்லி வாட்ஸ்அப்பில் வரும் செயலிக் கோப்பை மட்டும் உங்கள் வீட்டில் யாரும் தொட வேண்டாம். அது கணக்கைத் துடைப்பதற்காக அனுப்பப்படுவது.