முடங்கிய கணக்கைத் திறக்க ஆதார் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

சமூக வலைத்தளக் கணக்கு பூட்டிவிட்டது, அரசு அடையாள அட்டையைப் பதிவேற்று என்று திரை நிற்கிறது, ஆதாரைக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுடையது வியாபாரக் கணக்காகத்தான் இருக்கும். பொழுதுபோக்குக்கு வைத்திருந்தால் போனால் போகட்டும் என்று புதிதாக ஒன்று தொடங்கியிருப்பீர்கள்.

அடையாளம் கொடுங்கள், ஆனால் ஆதாரை முதலில் நீட்டாதீர்கள். அதற்கும் முன்னால், அந்தக் கோரிக்கை செயலிக்குள் நுழையும் இடத்திலேயே வந்ததா என்று பாருங்கள். வாட்ஸப்பில் வந்திருந்தால் அது மோசடி. காசு கொடுத்தால் திறந்து தருகிறேன் என்று வருகிறவர்களையும் நம்பாதீர்கள்.

நான் வீட்டிலிருந்தே ஆரி வேலை செய்கிறேன். பிளவுஸ் ஆர்டர், அளவு, டிசைன் படம், அட்வான்ஸ் பேச்சு எல்லாம் அந்தக் கணக்கின் செய்திப் பெட்டியில்தான். ஆவணி முகூர்த்தம் நெருங்கும் நேரத்தில் பூட்டிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. கணக்கில் என் பெயரோடு ஊர்ப் பெயர் ஒட்டியிருந்தது. பதிவு செய்தபோது கடைசிப் பெயர் இல்லாமல் விடவில்லை, இனிஷியலை ஒற்றை எழுத்தாகப் போட்டாலும் ஏற்கவில்லை, வேறு என்ன செய்ய?

பான் கார்டை அனுப்பினேன். பானுக்கு விண்ணப்பிக்கும்போது இனிஷியலை விரித்து எழுதச் சொல்வார்கள், அதனால் அதில் என் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர். திருப்பி அனுப்பினார்கள். ஓட்டுநர் உரிமம் கல்யாணத்துக்குப் பிறகு எடுத்தது, அதில் கணவர் இனிஷியல். அதுவும் திரும்பியது. 'பெயர் பொருந்தவில்லை' என்று ஒரு வரி, அவ்வளவுதான். பேச ஒரு போன் நம்பர்கூடக் கிடையாது. இங்கே கல்யாணத்துக்கு முன் ஒரு இனிஷியல், பின் ஒரு இனிஷியல் என்று எத்தனை பெண்கள் இருக்கிறார்கள்! எல்லாரும் போலிக் கணக்கா?

கடைசியில் அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதினேன். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி எல்லாத் தளங்களும் அவர் பெயரையும் தொடர்பு கொள்ளும் வழியையும் வெளியிட வேண்டும். புகாரை 24 மணி நேரத்தில் பதிவு செய்து 7 நாளில் முடிக்க வேண்டும் (2026 பிப்ரவரி வரை 15 நாள்). பான், உரிமம், திருமணப் பதிவுச் சான்றிதழ் மூன்றையும் வைத்து விளக்கினேன். திறந்தார்கள். திறந்து பார்த்தால் பானில் உள்ளபடி அப்பா பெயரைக் கடைசிப் பெயராக்கி வைத்திருக்கிறார்கள். "கருப்பசாமி மேடம், பிளவுஸ் ரெடியா?" என்று கேட்கிறார்கள் வாடிக்கையாளர்கள். உடனே மாற்றவும் முடியவில்லை. எழுத்தாளர் சல்மான் ருஷ்டிக்கே 2011இல் ஃபேஸ்புக் இதைச் செய்தது. கணக்கை முடக்கி, பாஸ்போர்ட் கேட்டு வாங்கி, அதில் முதலில் இருந்த அகமது என்ற பெயரால் அவரை அழைத்தது. அவர் ட்விட்டரில் சத்தம் போட்டதும் பழைய பெயர் வந்துவிட்டது. எனக்கு ஏது அந்த வசதி?

அந்தச் சமயத்தில் ஆதாரைக் கொடுத்துத் தொலைய வேண்டியதுதானே என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். நான் ஒன்றும் ஆதார் எதிர்ப்பாளர் இல்லை. கேஸ், ரேஷன், வங்கி எல்லாவற்றுக்கும் கொடுத்தவள்தான். கடல் கடந்து எங்கோ இருக்கும் ஒரு சர்வருக்கு எதற்கு என்பதுதான் என் கேள்வி. "உன் ஆதாரை வைத்து அவன் என்ன செய்யப் போகிறான்" என்று இங்கேயும் யாராவது கேட்பீர்கள். அவன் ஒன்றும் செய்ய வேண்டாம், அவனிடமிருந்து திருடு போனால் போதும். 2025 அக்டோபரில் டிஸ்கார்ட் என்ற அரட்டைத் தளம் என்ன சொன்னது? வாடிக்கையாளர் சேவைக்கு வைத்திருந்த வெளி நிறுவனம் வழியாகச் சுமார் 70,000 பேரின் அடையாள அட்டைப் படங்கள் கசிந்திருக்கலாம் என்றது. வயதை நிரூபிக்க நம்பி அனுப்பியவர்கள் அவர்கள்.

வெளிநாட்டுக்காரனை மட்டும் சொல்லிப் பயனில்லை. எங்கள் தெரு செராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்க அவர் வாட்ஸப்புக்குத்தான் அனுப்ப வேண்டும். அந்த போனைத் திறந்தால் ஊரே ஆதாரோடு வரிசையில் நிற்கும். அழிக்கச் சொன்னால், "அப்புறம் அழிச்சுடறேன்க்கா" என்பார். லாட்ஜில் கொடுத்த நகல் எந்த மேசை டிராயரில் கிடக்கிறதோ. 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகமே நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள் என்று அறிவித்தது. ஊர் பதறியதும் இரண்டே நாளில் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மக்கள் எதை நம்புவது?

சரி, உங்கள் விஷயம். எந்தெந்த அட்டை ஏற்பார்கள் என்ற பட்டியலை அங்கேயே தட்டிப் பாருங்கள். பாஸ்போர்ட்டோ உரிமமோ இருந்தால் அதைக் கொடுங்கள். ஆதார் தவிர வேறு இல்லையென்றால் ஆணையத்தின் தளத்தில் 'மாஸ்க்டு ஆதார்' இறக்கிக்கொள்ளுங்கள். முதல் 8 இலக்கங்கள் மறைந்து கடைசி 4 மட்டும் தெரியும். திருப்பி அனுப்பினால் குறைதீர் அதிகாரிக்கு எழுதி, புகார் எண்ணைப் பத்திரமாக வையுங்கள். அவர் கைவிரித்தால் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது. 30 நாளுக்குள் இணையத்திலேயே மனு போட வேண்டும். நான் என் பெயர் விவகாரத்துக்காக அங்கேதான் போயிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.