ஸ்டாஃப் ரூமில் ஒட்டிய பட்டியல்

கேள்வி: தனியார் கல்லூரி ஒன்றில் கணிதத் துறை உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். கிராஃப் தியரியில் ஆய்வு. பதினொரு வருடத்தில் ஒன்பது பேப்பர். மற்றவர்கள் தங்கள் பேப்பரில் எடுத்துக்காட்டிய மேற்கோள்கள், பேப்பர் வாரியாக 31, 12, 7, 5, 3, 2, 1. மீதி இரண்டுக்கு ஒன்றும் இல்லை. மொத்தம் 61, எச்-இண்டெக்ஸ் 4 (அதாவது, தலா நான்கு மேற்கோளாவது வாங்கிய பேப்பர் நான்கு). என்னோடு சேர்ந்த வேதியியல் சார் நானோ பொருட்களில் வேலை செய்கிறார். அவருக்கு 2,400 மேற்கோள், எச்-இண்டெக்ஸ் 27. இந்த வருடம் எல்லோருடைய எண்ணையும் ஒரே பட்டியலாக்கி ஸ்டாஃப் ரூமில் ஒட்டிவிட்டார்கள். நான் கடைசியிலிருந்து மூன்றாவது. அந்த சார் நல்ல மனிதர். "என் அடுத்த பேப்பர்ல உங்க பேரையும் சேர்த்துடறேன் மேடம், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் நீங்க பார்த்ததா இருக்கட்டும்" என்கிறார். அடுத்த மாதம் பதவி உயர்வு நேர்காணல். சம்மதிக்கலாமா?
— பெயர் வேண்டாம், கோவை

பதில்: வேண்டாம் அம்மா. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தப் பட்டியலைப் பார்ப்போம், உங்களை உறுத்துவது அதுதான்.

எச்-இண்டெக்ஸைக் கொண்டுவந்தவர் சான் டியாகோவில் இருக்கும் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ். 2005-இல் வந்த அந்த முதல் கட்டுரையிலேயே, துறைக்குத் துறை இந்த எண் மாறும் என்று எழுதிவிட்டார். அவர் கணக்குப்படி அன்று இயற்பியலில் முதலிடத்தில் இருந்த எட்வர்ட் விட்டனுக்கு 110, உயிர் அறிவியலில் முதலிடத்தில் இருந்த சாலமன் ஸ்னைடருக்கு 191. அதனால் விட்டன் மட்டம் என்று ஹிர்ஷ் சொல்லவில்லை. உங்கள் ஸ்டாஃப் ரூம் சுவர்தான் அப்படிச் சொல்கிறது.

உங்கள் எண்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 31 மேற்கோள் வாங்கிய பேப்பர் நாளைக்கே 3,100 வாங்கினாலும் எச்-இண்டெக்ஸ் அதே 4தான். அது ஏற வேண்டுமானால் மற்ற பேப்பர்களுக்கும் மேற்கோள் கூட வேண்டும். அப்போதும் ஒன்பது பேப்பரை வைத்துக்கொண்டு ஒன்பதைத் தாண்ட முடியாது. ஆய்வகத்தில் ஐந்தாறு பேர் சேர்ந்து வருடத்துக்கு நாலைந்து போடுவார்கள். கணிதத்தில் ஒருவரோ இருவரோ உட்கார்ந்து யோசிக்கிறார்கள், பேப்பரைச் சரிபார்க்கும் ரெஃப்ரீயின் பதில் வரவே சில சமயம் ஒரு வருடம் ஆகிறது. உயிரியல் பேப்பரின் கடைசியில் நாற்பது ஐம்பது மேற்கோள் இருக்கும், உங்கள் பேப்பரில் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஊரே சின்னதாக இருந்தால் மொய் எங்கிருந்து நிறைய வரும்?

இன்னொரு கோடியில், ஹிக்ஸ் துகளின் நிறையைச் சொன்ன 2015-ஆம் ஆண்டுக் கட்டுரை இருக்கிறது. ஆசிரியர்கள் 5,154 பேர். மொத்தம் 33 பக்கம், அதில் 24 பக்கம் பெயர்களுக்கும் நிறுவனங்களுக்குமே போய்விட்டது. அத்தனை பேர் கணக்கிலும் அந்த ஒரு பேப்பர் முழுசாக ஏறும்.

மேற்கோள் அதிகம் என்பதும் பெரிய கண்டுபிடிப்பு என்பதும் வேறு வேறு. 1951-இல் உயிர்வேதியியலாளர் லௌரியின் குழு எழுதியது, கரைசலில் புரதம் எவ்வளவு என்று அளக்கும் செய்முறை. மூன்று லட்சத்துக்கும் மேல் மேற்கோள். ஆய்வகத்தின் சமையல் குறிப்பு என்று வையுங்களேன். இதற்கு எதிரே நம் சென்னைப் பல்கலைக்கழகம். ஜி.என். ராமச்சந்திரனும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் 1963-இல் வெளியிட்ட, புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்க முடியும் என்று காட்டும் வரைபடம் இல்லாமல் இன்று புரத அமைப்பு எதையும் சரிபார்ப்பதில்லை. "ராமச்சந்திரன் ப்ளாட்" என்று பெயரைச் சொல்லிவிட்டு, மூலக் கட்டுரையைப் பட்டியலில் போடாமலே போகிறவர்கள் ஏராளம். அந்த எழுத்தெல்லாம் எந்த எண்ணிலும் ஏறாது.

நேர்காணலுக்கு என்ன செய்வது? உங்கள் பேப்பரை மேற்கோள் காட்டிய அந்த 31 பேப்பரையும் இறக்கி, உங்கள் பெயர் வரும் வரியை மட்டும் படியுங்கள். "[3–14] பார்க்க" என்று கூட்டத்தோடு கூட்டமாக வந்திருந்தால் தள்ளுங்கள். "இவருடைய தேற்றம் 2-ஐப் பயன்படுத்தி" என்று எங்காவது இருந்தால் மஞ்சள் அடியுங்கள். அப்படி மூன்று கிடைத்தாலும் போதும். யார், எந்த வருடம், எதற்காக எடுத்துக்கொண்டார்கள் என்று ஒரே ஒரு ஏ4 தாளில் எழுதுங்கள். அதன் கீழே, உங்கள் பிரிவில் உங்களைப் போலவே பத்துப் பதினோரு வருடம் ஆன நாலைந்து பேரின் மேற்கோள் எண்களை மேத்சைநெட் என்ற கணிதக் கட்டுரைத் தகவல்தளத்தில் எடுத்துப் போடுங்கள். பக்கத்துத் துறையோடு அல்ல, உங்கள் துறையோடு ஒப்பிட்டால் எங்கே நிற்கிறீர்கள் என்று குழுவுக்குத் தெரியட்டும். இப்படிப்பட்ட குழுக்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். முன்னால் தாள் இல்லாவிட்டால் கை தானாக எண்ணைத்தான் தேடும், சோம்பல்தான் காரணம்.

இனி அந்தப் பெயர் விஷயம். நானோ பேப்பரில் உங்கள் பெயரைப் பார்த்ததும் குழுவில் யாராவது, "இதில் உங்கள் பங்கு என்ன மேடம்?" என்று கேட்பார்கள். அதைவிட மோசமானது, நாளைக்கு அந்தப் படங்களில் கோளாறு என்று பேப்பரைத் திரும்பப் பெற்றால், நீங்கள் பார்த்தேயிராத மைக்ராஸ்கோப் படத்துக்கு நீங்களும் பதில் சொல்ல வேண்டும்.

அவரிடம் முகம் முறிக்க வேண்டியதில்லை. "பார்த்ததா எதுக்கு சார், நிஜமாவே பார்த்துத் தரேன், ரா டேட்டாவை எக்ஸல்ல அனுப்புங்க" என்று சொல்லுங்கள். அனுப்பினால் உட்கார்ந்து வேலையைச் செய்யுங்கள், பெயரைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். அனுப்பத் தயங்கினால், அந்தப் பேப்பரில் உங்கள் பெயர் இல்லாததற்கு அன்று இரவே நிம்மதியாகத் தூங்குவீர்கள்.