கப்பல் ஏறுன கொள்ளுத்தாத்தா எங்க போனாரு? இந்த வாரக் கேள்வி பதில்

முன்னோர தேடுறவங்க கிட்ட இருந்து இந்த வாட்டி வந்த கேள்வில முக்காவாசி "பேரு இதுதான், தேடித்தாங்க"ன்னு இருக்கு. பேரை மட்டும் வச்சு முனுசாமிய தேடுனா ஆயிரம் முனுசாமி வருவாங்க. அப்பா பேரு, ஊரு, தாலுகா, இந்த மூணுல குறைஞ்சது ரெண்டாச்சும் கைல இருக்கணும்.

கொள்ளுத்தாத்தாவோட அண்ணன் ஆரணி பக்கத்துல இருந்து 1890கள்ல தென்னாப்பிரிக்கா நேட்டாலுக்கு கரும்பு வெட்ட போனவரு, திரும்பவே இல்ல. ரெக்கார்டு எதாச்சும் இருக்குமா?

இருக்கும், நம்ம ஊர்ல கிடைக்கிறத விட அங்க நல்லாவே கிடைக்கும். 1860 நவம்பர்ல ட்ரூரோ கப்பல் டர்பன் போய் சேர்ந்ததுல இருந்து 1911 வரைக்கும் ஒப்பந்தக் கூலியா போன ஒன்றரை லட்சம் பேருக்கு மேல ஆளாளுக்கு ஒரு நம்பர் போட்டு லிஸ்ட் எழுதி வச்சிருக்காங்க, பேரு, அப்பா பேரு, வயசு, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்புல இருக்கிற அடையாளம் வரைக்கும். "முழங்கால்ல தழும்பு"ன்னு ஒரு வரிய பார்த்துட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன், ஓடிப்போனா பிடிக்கிறதுக்காக எவனோ எழுதுனது, இன்னிக்கு அந்த வீட்டுக்கு போட்டோ கூட இல்ல, அந்த தழும்பு மட்டும்தான்.

தேடும்போது ஆரணின்னு மட்டும் தேடாதீங்க, வட ஆற்காடு ஜில்லா மொத்தமும் பாருங்க. 1911 வரைக்கும் சித்தூரும் அதுலதான் இருந்துச்சு. ஸ்பெல்லிங் எல்லாம் எழுதுனவன் காதுல விழுந்தபடிதான், அங்க கவுண்டர் "கோவெண்டர்" ஆயிடுச்சு, முனுசாமி "மூன்சாமி". அதனால கிராமத்த வச்சு சலிச்சிட்டு அப்புறம் அப்பா பேரை ஒத்துப் பாருங்க. சாதி கட்டத்துல இருக்கிறத ரொம்ப நம்பாதீங்க, கப்பல் ஏத்துறதுக்கு முன்னாடி ஆளுங்கள தங்க வச்ச டிப்போல மாத்தி சொன்னவங்க நெறைய.

நம்பர் கிடைச்சிட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. கல்யாணம், புள்ள பொறந்தது, முதலாளி மேல குடுத்த புகார், சாவு, எதுலயும் அந்த நம்பர் கூடவே வரும். லிஸ்டு டர்பன் ஆவணக் காப்பகத்துல, மத்த பைல் நெறைய பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல.

இன்னொன்னு, ஊர்லயும் பழைய பாகப்பிரிவினை பத்திரத்த எடுத்து படிங்க. "தேசாந்திரம் போய் தகவல் இல்லாதவர்"னு ஒரு வரி இருந்தாலும் இருக்கும். ஏழு வருஷம் சேதி இல்லைன்னா செத்ததா எடுத்துக்கலாம்னு 1872 சாட்சியச் சட்டத்துல இருந்ததால அவரு பங்குக்காக தம்பிங்க கோர்ட்டுக்கு போயிருக்கவும் வாய்ப்பு உண்டு.

சயாம் மரண ரயில்ல செத்த தாத்தா பேரு எந்த லிஸ்ட்லயாவது இருக்குமா?

மனசு கஷ்டமாத்தான் இருக்கு சொல்ல. 1942-43ல ஜப்பான்காரன் சயாமுக்கும் (இப்போ தாய்லாந்து) பர்மாவுக்கும் நடுவுல போட்ட அந்த 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு மலாயா எஸ்டேட்ல இருந்து கொண்டு போன நம்ம ஆளுங்களுக்கு யாரும் ஒழுங்கா கணக்கு வைக்கல. தாய்லாந்து காஞ்சனபுரி கல்லறைல பேரு போட்டு இருக்கிறது நேச நாட்டு சிப்பாய்ங்களுக்கு. அவரு எந்த எஸ்டேட்னு மட்டும் கண்டுபிடிங்க, பழைய லெட்டரோட கவர்ல முகவரி இருக்கும், கவர தூக்கிப் போட்டுட்டு லெட்டர மட்டும் வைக்கிறவங்கள பார்த்தா எனக்கு கோவம்தான் வரும்.

அம்மாச்சி நுவரெலியா தோட்டத்துல இருந்து சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துல (தோட்டத் தொழிலாளர்ல ஒரு பகுதிய இந்தியா திரும்ப எடுத்துக்கிட்ட 1964 ஒப்பந்தம்) வந்தவங்க. எந்தத் தலைமுறை இலங்கைக்கு போச்சுன்னு தெரிஞ்சுக்கலாமா?

உங்க மாமா, சித்தி யாராவது இலங்கைல பொறந்திருந்தா அவங்க பிறப்பு சர்டிபிகேட்ட தேடுங்க. அப்பாவோட பிறந்த இடம் இருக்கும், தாத்தா இலங்கைல பொறந்தவரான்னும் ஒரு கட்டம் பல சர்டிபிகேட்ல இருக்கும். இலங்கையோட 1948 குடியுரிமைச் சட்டம் அப்பா, இல்லன்னா தாத்தாவும் பூட்டனும் அங்கயே பொறந்ததுக்கு ஆதாரம் கேட்டுச்சுல்ல, அந்தக் கணக்குதான். நம்மாளுங்கள வெளிய தள்ளுறதுக்கு கேட்ட கேள்வி, இப்போ உங்களுக்கு உதவுது. கட்டம் காலியா இருந்தா அதையும் குறிச்சுக்கோங்க, அவரு இந்தப் பக்கம் பொறந்தவரா இருக்கலாம்.

சர்ச் ரெஜிஸ்டர்ல ராயப்பன்னு யாருமே இல்லையே?

கத்தோலிக்க ரெஜிஸ்டரா? லத்தீன்ல இருக்கும்ங்க. ராயப்பன்னா பேத்ருஸ் (பீட்டர்), சின்னப்பன்னா பவுலுஸ், அருளப்பன்னா யோவான்னெஸ், சூசைன்னா யோசேபுஸ். பேத்ருஸ்னு தேடிட்டு சொல்லுங்க.