வீட்டில் பெண்டோ எனும் ஜப்பானியச் சாப்பாட்டுப் பெட்டியைக் கட்டினால் மதியம் வரை கெடாமல் இருக்குமா? எப்படிக் கட்ட வேண்டும்?

சோறும் கறிகளும் முழுவதும் ஆறிய பிறகே மூடி போட்டால் கெடாமல் இருக்கும். ஒசாகாவில் வசிக்கும் நான் மகளின் பாலர் பள்ளிக்காக இதைக் கற்றுக்கொண்டேன். கேரட்டைப் பூவாக வெட்டுவது போன்ற அலங்காரங்களைத்தான் இணையத்தில் அதிகம் காட்டுகிறார்கள் என்றாலும், அவை இல்லாமலும் நல்ல பெண்டோ கட்டலாம். ஆறவைக்காமல் கட்ட முடியாது.

பெண்டோ ஆறிய நிலையில் உண்பதற்கென்றே சமைக்கப்படுவது. ஜப்பானியக் குட்டை அரிசியில் அமிலோஸ் எனும் மாவுச்சத்து வகை குறைவு என்பதால் அந்தச் சோறு ஆறிய பிறகும் மென்மையாகவே இருக்கிறது. நம் புழுங்கலரிசிச் சோறோ ஆறினால் விறைத்து, குச்சியில் எடுக்க முடியாதபடி உதிர்ந்துவிடும். சோற்றைச் சூடாக இருக்கும்போதே பெட்டியில் பரப்பிவிட்டால் ஓரங்களில் நன்றாகப் படியும். அதன்பின் புளியோதரைச் சோற்றைத் தாம்பாளத்தில் கொட்டி ஆற்றுவதைப் போல, விசிறியால் ஆவியைப் போக்க வேண்டும். ஆவி இருக்கும்போதே மூடினால் மூடியின் உட்புறத்தில் நீர் கோத்துச் சோற்றின் மேலேயே சொட்டும். கிருமி பெருக அந்த ஈரமும் வெதுவெதுப்புமே போதும்.

கையால் தொடாமல் கட்டுவதும் அதே அளவுக்கு முக்கியம். நம் தோலில் இருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி உணவில் பெருகி உண்டாக்கும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ஆகவே ஒனிகிரி எனும் சோற்று உருண்டை பிடிப்பவர்கள் பிளாஸ்டிக் உறையை இடையில் வைத்தே பிடிக்கிறார்கள்.

அளவுக்கு ஜப்பானில் சொல்லப்படும் 3:1:2 என்ற கணக்கு எளிதானது. பெட்டியின் பரப்பில் பாதி சோறு, ஆறில் ஒரு பங்கு மீன், இறைச்சி, முட்டை, சோயா வகை, மீதி காய்கறி என்று இடைவெளியின்றி நிரப்பி, எண்ணெய் அதிகம் சேரும் உணவை ஒன்றோடு நிறுத்திக்கொண்டால், 600 மில்லிலிட்டர் பெட்டியில் ஏறத்தாழ 600 கிலோகலோரி இருக்கும். பெரிய துண்டுகளை முதலில் வைத்து, எஞ்சிய சந்துகளில் புரோக்கோலியையும் காம்பு நீக்கிக் கழுவித் துடைத்த சின்னத் தக்காளியையும் செருகினால், பை சாய்ந்தாலும் உள்ளே எதுவும் நகராது. வேகவைத்த கீரையைப் பிழிந்த பிறகும் சற்று நீர் விடும் என்பதால், அதனடியில் கட்சுவோபுஷி எனும் உலர்மீன் சீவலைத் தூவுவார்கள். அது நீரையும் உறிஞ்சும், சுவையும் கூட்டும். சைவர்கள் அரைத்த எள்ளைத் தூவலாம். தமாகோயாகி எனும் சுருள் முட்டையை நடுப்பகுதியும் முழுதாக வேகும் வரை விட வேண்டும், குறிப்பாகக் கோடையில்.

சோற்றின் நடுவே வைக்கும் உப்பிட்ட உமெபோஷிக் காய் உணவு முழுவதையும் காக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அதன் பலன் அது படும் இடத்தோடு சரி. இப்போது விற்கும் உப்புக் குறைத்த வகைகளில் அதுவும் குறைவு. வெயில் நாட்களில் ஐஸ் பொட்டலத்தைப் பெட்டியின் மேல் வைத்துக் கட்டிவிடுங்கள், குளிர்ச்சி கீழே இறங்கும்.

பெட்டி வாங்கும்போது மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவ முடிகிறதா என்று பாருங்கள். அக்கிதா மாகாணத்தின் தேவதாருப் பெட்டியான மகெவாப்பா ஈரத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும் அருமையான பொருள்தான்; ஆனால் விலை அதிகம், நீரில் ஊறவிடவும் கூடாது என்பதால் குழந்தைகளுக்கு நான் பிளாஸ்டிக் பெட்டியையே சொல்வேன்.