செகண்ட் ஹேண்டில் வாங்கிய காருக்கும் ரீகால் ரிப்பேர் இலவசமா?

கேள்வி கேட்டவர் பெங்களூருவில் பழைய கார் வாங்கியிருக்கிறார். அந்த மாடலில் ஒரு குறை இருப்பதால் கம்பெனி திரும்ப அழைக்கிறது என்று செய்தியில் பார்த்தாராம். அவருக்குக் கடிதமோ போனோ எதுவும் வரவில்லை.

இலவசம்தான். ரீகால் வண்டிக்கு, ஓனருக்கு இல்லை. எத்தனை கை மாறியிருந்தாலும், வாரண்டி முடிந்திருந்தாலும் கேட்கலாம். ஆனால் கடிதம் வரும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். ஆர்.டி.ஓ.வில் ஆர்.சி. உங்கள் பெயருக்கு மாறிய விஷயம் கம்பெனிக்குத் தானாகப் போய்ச் சேராது. அவர்களிடம் இருப்பது முதல் ஓனரின் நம்பர். அதுவும் இந்த ஊரில் சொல்லவே வேண்டாம். ஐ.டி. வேலைக்கு வந்தவர் மூன்று வருடம் ஓட்டிவிட்டு, வேலை மாறும்போது காரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போய்விடுவார். உங்கள் ஏர்பேக் பற்றிய எஸ்.எம்.எஸ். இப்போது புனேயில் யாரோ ஒருவர் போனில் கிடக்கும்.

ஆர்.சி. கார்டில் இருக்கும் சேஸிஸ் நம்பரை எடுத்து, கம்பெனியின் இணையதளத்தில் ரீகால் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். 17 எழுத்தும் எண்ணுமாக இருக்கும். அதில் ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகள் வரவே வராது. ஓ மாதிரி தெரிந்தால் அது பூஜ்யம். மாடல் பெயரை மட்டும் வைத்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியாக இருக்கவும் வேண்டாம். 2020 ஜூலையில் மாருதி ஃபியூயல் பம்புக்காக 1,34,885 கார்களை அழைத்தது. வேகன்ஆரில் 1 லிட்டர் எஞ்சின் வண்டிகள் மட்டும், அதிலும் 2018 நவம்பர் 15 முதல் 2019 அக்டோபர் 15 வரை தயாரானவை மட்டும். பக்கத்து வீட்டு வேகன்ஆர் அந்தப் பட்டியலில் இருந்து, உங்களுடையது இல்லாமல் போகலாம்.

அடுத்தது சர்வீஸ் சென்டர். எனக்கும் இதே ஃபியூயல் பம்ப் விஷயம்தான். "ஜெனரல் சர்வீஸோட சேர்த்துப் பண்ணிடலாம் சார்" என்றார் அட்வைசர். வாணியம்பாடிக்காரர், தமிழிலேயே பேசினார். சர்வீஸ் இப்போது வேண்டாம், ரீகால் வேலைக்குத் தனி ஜாப் கார்டு (வேலைச் சீட்டு) போடுங்கள் என்றேன். "எங்களுக்கும் டார்கெட் இருக்கே சார்" என்று சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தார். பில்லில் லேபர், பார்ட்ஸ் இரண்டுமே பூஜ்யம். அந்தப் பேப்பரைப் பத்திரப்படுத்துங்கள், விற்கும்போது உதவும். பார்ட் ஸ்டாக் இல்லை என்றால் அதையும் ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். அப்படியே உங்கள் பெயரையும் போன் நம்பரையும் அவர்கள் சிஸ்டத்தில் மாற்றச் சொல்லுங்கள்.

அவசரப்பட்டு ஜே.சி. ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பார்ட் வாங்கி வெளி மெக்கானிக்கிடம் மாட்டாதீர்கள். அதுவே குறையுள்ள பழைய லாட்டாக இருக்கலாம். கம்பெனி கணக்கிலும் ரீகால் பாக்கி என்றே நிற்கும்.

எல்லா ரீகாலும் ஒரே அவசரம் இல்லை. சாஃப்ட்வேர் அப்டேட் என்றால் வசதிப்பட்ட நாளில் போகலாம். பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக் என்றால் உடனே போங்கள். டகாட்டா என்ற ஜப்பான் கம்பெனியின் ஏர்பேக்கில் இருந்த அம்மோனியம் நைட்ரேட் வருடக்கணக்கான வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் கெட்டுப்போய், விபத்து நேரத்தில் உலோகக் கூட்டையே வெடித்துச் சிதறடித்தது. ஹோண்டா, டொயோட்டா எல்லாம் இந்தியாவிலும் அதை மாற்றிக் கொடுத்தன. சென்னை, மங்களூரு மாதிரி கடலோர ஊரில் ஓடிய பழைய கார் என்றால் இதைக் கட்டாயம் பாருங்கள்.

சட்டம் பற்றியும் கொஞ்சம். முன்பு ரீகால் கம்பெனிகளின் விருப்பம்தான். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ பிரிவு வந்தது, 2021 ஏப்ரல் 1 முதல் விதிகள் அமலாகின. இப்போது போதுமான புகார்கள் சேர்ந்தால் மத்திய அரசே ரீகாலுக்கு உத்தரவிடலாம், வண்டி 7 வயதுக்குள் இருக்க வேண்டும். அதனால் உங்கள் காரில் குறை இருந்து ரீகால் வராவிட்டால், சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் போர்ட்டலில் புகாரைப் பதியுங்கள். ரீகால் வந்தும் காசு கேட்டால் 1915 நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லையா, நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கார் ஓசூரில் வாங்கியதாக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் பெங்களூருவிலேயே வழக்குப் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்கிறது.