பரணில் கிடைத்த துப்பாக்கிக்கு விலை கேட்கிறீர்கள்

மலேசியாவின் நிபோங் திபாலிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தாத்தா போன வருடம் தவறிவிட்டார், 1948-இல் தொடங்கிய மலாயா அவசரகாலத்தில் ஸ்பெஷல் கான்ஸ்டபிளாகத் தோட்டத்துக்குக் காவல் நின்றவர். வீட்டை இடிப்பதற்காகப் பரணை ஒழித்தபோது சாக்கில் சுற்றிய துப்பாக்கியும் ஐந்து தோட்டாக்களும் கிடைத்தனவாம். குட்டையானது, குழல் முனையில் புனல் மாதிரி, கட்டையின் அடியில் ரப்பர், இடது பக்கத்தில் பேனாவால் கிறுக்கியது போல "நம்பர் 5 மார்க் 1, ஆர்ஓஎஃப்(எஃப்), 6/45". பழங்காலப் பொருள்தானே, என்ன விலை போகும் என்று கேட்கிறார்.

உங்கள் விவரத்திலேயே அடையாளம் இருக்கிறது. அது பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ-என்ஃபீல்ட் நம்பர் 5, ஜங்கிள் கார்பைன் என்பார்கள், .303 தோட்டா. அந்த எழுத்துகள் இங்கிலாந்தின் ஃபசாக்கர்லி அரசு ஆலையைக் குறிக்கும், 6/45 என்றால் 1945 ஜூன். இரண்டரை லட்சம் அளவில் செய்தார்கள், 1948-க்குப் பிறகு மலாயாவில் நிறையப் புழங்கியது. அதே லீ-என்ஃபீல்ட் வகையில் பெரிய நம்பர் 4 துப்பாக்கியை வெட்டிக் குட்டையாக்கி இதுதான் என்று விற்ற போலிகளும் உண்டு. வெளிநாட்டில் சேகரிப்பவர்கள் போல்ட்டிலும் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகம்) உடலிலும் ஒரே எண் இருக்கிறதா, கட்டையை யாராவது இழைத்துவிட்டார்களா என்று பார்த்துத்தான் விலை சொல்வார்கள்.

ஆனால் அந்த விலை உங்களுக்கு இல்லை. எண்பது வருடப் பழசு என்பதால் அது அலங்காரப் பொருள் ஆகிவிடாது, சுடக்கூடிய துப்பாக்கிதான். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 1960 ஆயுதச் சட்டப்படி 7 வருடம் வரை சிறை அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். துப்பாக்கிக் குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டிய 1971-ஆம் வருடச் சட்டத்தில் வழக்குப் போட்டால் 14 வருடம் வரை சிறை, அதோடு குறைந்தது 6 பிரம்படி. தோட்டாவுக்கும் லைசென்ஸ் வேண்டும், ஐந்துதானே என்று விட்டுவிடாதீர்கள்.

நீங்கள் பயப்பட வேண்டாம், ஆனால் தாமதிக்கவும் வேண்டாம். ஒருவர் ஆயுதம் வைத்திருந்தார் என்று சொல்ல அது அவர் கைவசம் இருந்தால் மட்டும் போதாது, அது என்னவென்று அவருக்குத் தெரிந்தும் இருக்க வேண்டும். சாக்கைப் பிரிக்கும்வரை உங்களுக்குத் தெரியாது, சரி. பிரித்த பிறகு? ஒவ்வொரு நாளும் உங்களுக்கு எதிராகத்தான் கணக்காகும், அதிலும் விலை விசாரித்துக்கொண்டு நாள் கடத்தினீர்கள் என்றால் நாளைக்கு என்னாலேயே வாதாடுவது கஷ்டம்.

அதனால் இன்றைக்கே பாலாய்க்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்கு, போன் பண்ணுங்கள். நீங்களே காரில் எடுத்துப் போகாதீர்கள், வழியில் ரோட் பிளாக்கில் நிறுத்தினால் பதில் சொல்லி மாளாது. அவர்களே வந்து எடுக்கட்டும். போல்ட்டை இழுத்துப் பார்ப்பது, துரு துடைப்பது, ஃபேஸ்புக்கில் படம் போடுவது, தெரிந்தவரிடம் விற்றுத் தரச் சொல்வது, எதுவும் கூடாது. எப்போது, எங்கே, யார் கண்டெடுத்தார்கள் என்று புகாரில் தேதியோடு சொல்லி, அதன் நகலை வாங்கி வையுங்கள், முடிந்தால் ஒரு வக்கீலையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தால் நன்றாயிருக்கும் என்று நீங்கள் கேட்கலாம், முடிவு போலீஸ் கையில்.

தாத்தாவின் வேலைக் கடிதமோ சீருடைப் படமோ இருந்தால் தேடி எடுங்கள், துப்பாக்கி எப்படி வீட்டுக்கு வந்தது என்பதற்கு அது உதவும். அப்புறம் அந்தச் சாக்கைத் தூக்கி எறியாதீர்கள், உதறவும் உதறாதீர்கள். அது அங்கே எத்தனை வருடமாகக் கிடந்தது என்பதற்கு அதன் மேல் படிந்த தூசிதான் உங்கள் சாட்சி.