குவில்ட் தைப்பதைப் பொழுதுபோக்காகத் தொடங்குபவர் எதை முதலில் கற்றுக்கொள்ள வேண்டும்?

நேர்த்தையல் போடும் அளவுக்குத் தையல் தெரியும், வீட்டில் சாதாரணத் தையல் இயந்திரம் ஒன்று இருக்கிறது, துண்டுத் துணிகளை இணைத்து, நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் அடுக்குத் துணியான குவில்ட் தைக்க ஆசையாக இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது, எதையெல்லாம் வாங்குவது, கையால் தைப்பது நல்லதா இயந்திரத்தில் தைப்பது நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். நீண்ட காலமாக இந்தக் கைவேலையில் ஈடுபட்டிருக்கும் நான், தையலைவிட வெட்டுவதைப் பற்றியும் இஸ்திரி போடுவதைப் பற்றியும்தான் உங்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு குவில்ட் சுருக்கமில்லாமல், மூலைக்கு மூலை பொருந்தி அமையுமா என்பது ஊசி துணியைத் தொடுவதற்கு முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

முதலில் வேலையின் படிகளைப் பிரித்துக்கொள்வோம். துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்து மேல்துணியை உருவாக்குவது ஒரு வேலை. அந்த மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி ஆகிய மூன்றையும் அடுக்கி, அவை நகராதபடி ஊடுருவித் தைப்பது இன்னொரு வேலை. குவில்டிங் என்பது உண்மையில் இதுதான். கடைசியாக, நான்கு ஓரங்களையும் பட்டி வைத்து மூடுவது. தொடங்குபவர்களில் பலர் முதல் வேலையின் வண்ணங்களில் மயங்கி, கட்டில் முழுவதையும் மூடும் அளவுக்கு மேல்துணியைத் தைத்துவிடுகிறார்கள். பிறகு அவ்வளவு பெரிய துணியை அடுக்கித் தைக்கும் கட்டத்தில் மலைத்துப்போய் அதை மடித்து அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். ஆகவே முதல் முயற்சி சிறியதாக இருக்க வேண்டும். ஆனால் எல்லாப் படிகளும் அதில் இருந்தாக வேண்டும்.

என் பரிந்துரை, 18 அங்குலச் சதுரமான குஷன் உறை ஒன்று. ‘நைன் பேட்ச்’ எனப்படும் ஒன்பது கட்ட வடிவம் இதற்குப் போதும். 2½ அங்குலச் சதுரங்களாக அடர்நிறத்தில் 25, வெளிர்நிறத்தில் 20 வெட்டிக்கொள்ளுங்கள். ஐந்து அடர்நிறச் சதுரங்களும் நான்கு வெளிர்நிறச் சதுரங்களும் மாறி மாறி வரும்படி மூன்று வரிசைகளாக இணைத்தால் ஒரு பிளாக் கிடைக்கும். இப்படி ஐந்து பிளாக்குகளைத் தைத்து, 6½ அங்குல அளவில் வெட்டிய நான்கு முழுச் சதுரங்களை அவற்றின் இடையிடையே வைத்து, மூன்றுக்கு மூன்றாக இணைத்தால் மேல்துணி தயாராகிவிடும். அடித்துணி உறைக்குள் மறைந்துவிடுவதால் பழைய மெல்லிய பருத்தித் துணியே அதற்குப் போதுமானது. முதன்முதலாகக் குவில்டிங் செய்யும்போது அடிப்பக்கத்துத் தையல் முன்பின்னாக விழுந்தாலும் மனம் சோர வேண்டியதில்லை.

இதில் தையலுக்கு விடும் ஓரம் கால் அங்குலம், அதாவது ஏறக்குறைய 6 மில்லிமீட்டர். உடை தைக்கும்போது ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் பெரும்பாலும் தெரியாது. இங்கே நிச்சயம் தெரியும். ஓரம் 1 மில்லிமீட்டர் கூடிப்போனால், தையலின் இரு பக்கத்துத் துண்டுகளும் தலா 1 மில்லிமீட்டர் குறுகும். நைன் பேட்ச்சின் ஒரு வரிசையில் இரண்டு தையல்கள் இருப்பதால் அந்த பிளாக் 4 மில்லிமீட்டர் குறுகிவிடும். ஆனால் அதன் பக்கத்தில் வரவேண்டிய முழுச் சதுரத்தில் தையலே இல்லை, அது வெட்டிய அளவிலேயே இருக்கும். இரண்டையும் இணைக்கும்போது ஒன்றை இழுத்து, மற்றதைச் சுருக்கித் தைக்க நேரிடும். பெரிய போர்வையில், 16 துண்டுகள் கொண்ட வரிசைக்கு 15 தையல்கள் என்றால், இதே பிசகு 30 மில்லிமீட்டராக வளர்ந்துவிடும்.

ஆகவே எதையும் தைப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். 1½ அங்குல அகலமும் கையளவு நீளமும் உள்ள மூன்று பட்டைகளை நீளவாக்கில் இணைத்து, இஸ்திரி போட்டு, நடுப்பட்டையை அளந்து பாருங்கள். அது சரியாக 1 அங்குலம் இருக்க வேண்டும். அளவுகோலை வைத்துக் கால் அங்குலத்தைக் குறித்து, அந்தக் கோட்டின் மேலேயே தைத்தாலும் நடுப்பட்டை மயிரிழை அளவு குறைந்தே நிற்கும். ஏனென்றால் தையலின் மேல் துணி மடங்கித் திரும்பும் இடத்தில் ஓரிரு நூலிழை அகலம் போய்விடுகிறது. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் கால் அங்குலத்தைவிட ஓரிரு நூலிழை குறைத்தே பிடிக்கிறார்கள். சோதனையில் சரியான இடம் கிடைத்ததும், இயந்திரத்தின் தகட்டில் அந்த இடத்தில் மாஸ்கிங் டேப்பை ஒட்டிவிடுங்கள். துணியின் ஓரம் அதை உரசியபடி சென்றால் போதும், ஊசியைப் பார்க்கவே வேண்டியதில்லை.

வாங்க வேண்டியவை என்று கேட்டால், வட்ட அலகு உருண்டு வெட்டும் உருளைக் கத்தி, அதற்கு அடியில் போடும் விரிப்பு, ஒளி ஊடுருவும் கனமான அளவுகோல் ஆகிய மூன்றையும் சொல்வேன். ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979-இல் இந்தக் கத்தியை உருவாக்கும் வரை, அட்டையில் மாதிரி வெட்டி, பென்சிலால் வரைந்து, கத்தரியால் துண்டு துண்டாக வெட்டித்தான் குவில்டுகள் உருவாயின. இன்றும் அப்படிச் செய்யலாம், நேரம்தான் கூடும். கத்தியை வாங்கினால், ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் அலகை உறைக்குள் தள்ளிவிடும் பழக்கத்தை முதல் நாளிலேயே கைக்கொள்ளுங்கள். வெட்டும் திசையும் முக்கியம். பாவு நூலின் திசையில், அதாவது துணியின் நீளவாக்கில், துணி அநேகமாக இழுபடாது. ஊடையின் திசையில், அதாவது அகலவாக்கில், சற்றே இழுபடும். மூலைவாக்கில், தையற்காரர்கள் கிராஸ் என்று சொல்லும் திசையில், நன்றாக இழுபடும். சதுரத்தின் ஓரங்கள் பாவுக்கும் ஊடைக்கும் இணையாக அமைந்தால் அதன் வடிவம் குலையாது. முக்கோணத்தில் ஒரு ஓரமாவது வேறு திசையில் விழுந்தே தீரும் என்பதால், முதல் வேலையில் முக்கோணங்கள் வேண்டாம்.

இஸ்திரி போடுவதை நான் தைப்பதற்குச் சமமான வேலையாகவே கருதுகிறேன். உடைகளைத் தேய்ப்பது போலப் பெட்டியை முன்னும் பின்னும் நகர்த்தினால் சதுரம் கோணலாகிவிடும். வைத்து, அழுத்தி, எடுக்க வேண்டும். தைத்ததும் துணியை விரிக்காமல் ஒருமுறை அழுத்தினால் நூல் துணிக்குள் படியும்; பிறகு விரித்து, உள்ளே இருக்கும் ஓரத்தை அடர்நிறத் துணியின் பக்கம் சாய்த்து அழுத்துங்கள். இப்படிச் செய்தால், அடர்நிறம் இரு முனைகளிலும் உள்ள வரிசையில் ஓரங்கள் வெளிநோக்கிச் சாயும். அடர்நிறம் நடுவில் உள்ள வரிசையில் உள்நோக்கிச் சாயும். அந்த இரு வரிசைகளையும் நேருக்கு நேர் வைத்து, தையல்கள் சந்திக்கும் இடத்தை விரல் நுனியால் மெல்ல நகர்த்திப் பாருங்கள். எதிரெதிராகச் சாய்ந்த இரு மேடுகளும் ஒன்றையொன்று முட்டி நின்றுவிடும். அதற்கு மேல் நகராது. அங்கே குண்டூசியைக் குத்தித் தைத்துவிட்டு விரித்தால், நான்கு சதுரங்களின் மூலைகளும் ஒரே புள்ளியில் சந்தித்திருக்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது மகிழ்ச்சி தருகிறது.

துணிக்கு, நடுத்தரக் கனமுள்ள சாதாரண நெசவுப் பருத்தியே சிறந்தது. வெட்டுவதற்கு முன் துவைத்து உலர்த்திவிடுங்கள். சுருங்க வேண்டியது அப்போதே சுருங்கிவிடும், சாயம் போகும் துணி எது என்பதும் தெரிந்துவிடும். பருத்தியோடு செயற்கை இழைத் துணியைக் கலக்காதீர்கள்; பருத்திக்குத் தேவையான சூட்டை அது தாங்காது. பழைய உடைகளை வெட்டிப் பயன்படுத்தத் தயக்கமே வேண்டாம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரின் கறுப்பினப் பெண்கள், உழைத்துத் தேய்ந்த வேலையுடைகளை வெட்டித் தைத்த குவில்டுகள் 2002-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. வெளிறிய நீலக் கால்சட்டைத் துணியில், பையைப் பிரித்தெடுத்த இடம் மட்டும் மங்காத அடர்நீலமாக நிற்பதை அவற்றில் சிலவற்றில் காணலாம். அந்தத் தடமே அழகான வடிவமைப்பாகிவிட்டது. கை வைத்தாலே கிழியும் அளவுக்கு நைந்த பகுதிகளை மட்டும் ஒதுக்கிவிடுங்கள்.

வண்ணப் பொருத்தத்தைப் பற்றி அளவுக்கு மீறிக் கவலைப்பட வேண்டியதில்லை. எந்த நிறம் என்பதைவிட எவ்வளவு அடர்த்தி என்பதே வடிவத்தை எடுத்துக் காட்டுகிறது. துணிகளை அருகருகே பரப்பி, கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாகப் படமெடுத்துப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், அவை அடுத்தடுத்து வரும்போது கட்டங்கள் தூரத்திலிருந்து கலங்கித்தான் தெரியும்.

அடுக்கும்போது அடித்துணியும் பஞ்சு விரிப்பும் மேல்துணியைவிட எல்லாப் பக்கமும் சில அங்குலங்கள் பெரிதாக இருக்கட்டும். உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஊக்கு வீதம் நடுவிலிருந்து வெளிநோக்கிக் குத்திச் செல்லுங்கள். குவில்டிங்கையும் நடுவிலிருந்தே தொடங்குங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் தளர்ந்த துணியெல்லாம் நடுவில் வந்து சிக்கிக்கொள்ளும். இயந்திரத்தின் பற்கள் அடித்துணியை மட்டுமே தள்ளுவதால் மேல்துணி பின்தங்கிச் சுருங்க வாய்ப்புண்டு. மேலிருந்தும் துணியை நகர்த்தும் ‘வாக்கிங் ஃபுட்’ என்ற பாதத்தைப் பொருத்தினால் அது பெரும்பாலும் தீரும். தையலின் நீளத்தை 3 மில்லிமீட்டருக்கு உயர்த்திக்கொள்ளுங்கள்.

கையா, இயந்திரமா என்ற கேள்விக்கு என் பதில்: துண்டுகளை இயந்திரத்தில் இணையுங்கள், குவில்டிங்கை ஒருமுறையாவது கையால் செய்து பாருங்கள். வங்காளத்தின் காந்தா எனும் தைத்த விரிப்பில் நடுவே பஞ்சு விரிப்புகூடக் கிடையாது. பழைய சேலைகளை அடுக்கி, பெரும்பாலும் ஓட்டுத் தையலாலேயே அவ்வளவு வளமான வேலைப்பாட்டைச் செய்திருக்கிறார்கள். கையால் தைக்கக் குட்டையான ஊசியும் நடுவிரலுக்கு ஓர் உலோக விரல் மூடியும் தேவை. நூல் நுனியில் சிறு முடிச்சுப் போட்டு, தொடங்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி ஊசியை அடித்துணியைத் தொடாமல் மேல்துணி வழியாகப் பஞ்சுக்குள் செலுத்தி, தொடங்கும் இடத்தில் மேலே எடுத்து, நூலை வெடுக்கென்று இழுங்கள்; முடிச்சு மேல்துணியைத் தாண்டிப் பஞ்சுக்குள் போய் மறைந்துவிடும். முன்னும் தெரியாது, பின்னும் தெரியாது. தையல்கள் சிறியனவாக இருப்பதைவிட ஒரே அளவாக இருப்பதே முதலில் முக்கியம். பழகப் பழகத் தாமாகவே சிறுத்துவிடும்.

ஓரப் பட்டிக்கு 2½ அங்குல அகலப் பட்டையை இரண்டாக மடித்து, முன்புறம் இயந்திரத்தில் தைத்து, பின்புறம் திருப்பிக் கையால் மறைதையல் போடுவது உறுதியாக நிற்கும். குஷன் உறை முடிந்ததும், அதே பிளாக்கிலேயே அகலத்தில் ஆறு, நீளத்தில் ஏழு என அடுக்கி 36 அங்குலத்துக்கு 42 அங்குல அளவில் மடிப்போர்வை ஒன்றைத் தையுங்கள்: 21 நைன் பேட்ச், 21 முழுச் சதுரங்கள். புதிதாக எதையும் கற்க வேண்டியிருக்காது. முழுச் சதுரங்களின் வெற்றிடத்தில் கையால் குவில்டிங் செய்து பழகவும் நிறைய இடம் கிடைக்கும்.